சுவரில் மாட்டிய படம் ஏன் மறைந்து போகிறது?

உங்கள் வீட்டுக் கூடத்தில் ஏதேனும் ஒரு படம் மாட்டியிருக்கும். அது தெய்வப் படமாக இருக்கலாம்; பழைய நாட்காட்டியிலிருந்து எடுத்துச் சட்டமிட்ட இயற்கைக் காட்சியாக இருக்கலாம்; தாத்தாவின் புகைப்படமாகவும் இருக்கலாம். அதன் பக்கம் திரும்பாமல் ஒரு தாளை எடுத்துக்கொண்டு இந்தக் கேள்விகளுக்கு விடை எழுதுங்கள். படத்தில் வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து விழுகிறது? இடப்புற அடிமூலையில் என்ன இருக்கிறது? உருவத்தின் இடக்கை எதைப் பற்றியிருக்கிறது? பின்னணியின் நிறம் என்ன? எழுதி முடித்தபின் படத்தருகே சென்று ஒப்பிட்டுப் பாருங்கள்.

நான்கில் இரண்டு சரியாக இருந்தால் நீங்கள் கூர்ந்து நோக்குபவர் என்று சொல்லலாம். நாளைக்குப் பத்து முறை அந்தப் படத்தைக் கடந்து செல்வதாக வைத்துக்கொண்டால், பத்து ஆண்டுகளில் அது 36,500 முறை உங்கள் கண்முன் வந்திருக்கிறது. அப்படியிருந்தும் அதில் உள்ளது உங்களுக்குத் தெரியவில்லை. இது உங்கள் ஒருவரின் குறையன்று. 1979ஆம் ஆண்டில் நிக்கர்சன், ஆடம்ஸ் என்ற இரண்டு உளவியல் ஆராய்ச்சியாளர்கள், அமெரிக்க மக்கள் தினமும் கையாளும் ஒரு சென்ட் நாணயத்தை நினைவிலிருந்து வரையச் சொன்னார்கள். அதன் இரு பக்கங்களிலும் முக்கியமான எட்டு அம்சங்கள் உண்டு. அவற்றுள் ஏறத்தாழ மூன்றை மட்டுமே பலரால் சரியாக நினைவுகூர்ந்து உரிய இடத்தில் வைக்க முடிந்தது.

விரும்பி வாங்கி, ஆணி அடித்து, நேராக்கி மாட்டிய படம் சில மாதங்களில் சுவரோடு சுவராகிவிடுகிறது. வேறு சில படங்களோ ஆண்டுகள் பல கழிந்தும் நம்மை நிறுத்திப் பார்க்க வைக்கின்றன. இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது? விடையின் ஒரு பகுதி படத்தில் இருக்கிறது. மற்றொரு பகுதி நம் கண்ணிலும் மூளையிலும் இருக்கிறது.

மூளையின் சிக்கனம்

சுவர்க் கடிகாரத்தின் டிக்டிக் ஒலி நமக்குக் கேட்பதில்லை. புதிதாக வந்த விருந்தினருக்கு அது தூக்கத்தையே கெடுக்கும். மாறாமல் திரும்பத் திரும்ப வரும் தூண்டலுக்கு உயிர்கள் பதில் தருவதைக் குறைத்துக்கொள்கின்றன. இதைப் 'பழகிப்போதல்' எனலாம்.

நரம்பு மண்டலம் மிக எளிதாக அமைந்த உயிர்களிலும் இதைக் காணலாம். கடல்முயல் என்று ஒரு கடல்வாழ் நத்தையினம் உண்டு. அதன் உடலில் நீரை வெளியேற்றும் குழாயை மெல்லத் தொட்டால், அது தன் செவுளை உள்ளே இழுத்துக்கொள்ளும். மீண்டும் மீண்டும் தொட்டால் இழுப்பது குறைந்துகொண்டே வரும். தொடுவதை உணரும் நரம்பணு அடுத்த நரம்பணுவுக்கு அனுப்பும் வேதிப்பொருளின் அளவு குறைந்துபோவதே இதற்குக் காரணம் என்று அமெரிக்க அறிவியலறிஞர் எரிக் காண்டலும் அவருடைய குழுவினரும் கண்டறிந்தார்கள். கற்றலும் நினைவும் நரம்பணுக்களில் எப்படி நிகழ்கின்றன என்ற ஆய்வுக்காகக் காண்டல் 2000ஆம் ஆண்டு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இந்தச் சோதனையில் இன்னொரு செய்தியும் உண்டு. பழகிப்போன கடல்முயலின் வாலில் வலுவான அதிர்ச்சி ஒன்றைக் கொடுத்தால், குழாயைத் தொட்டவுடன் செவுளை இழுக்கும் பழைய வேகம் திரும்ப வந்துவிடுகிறது. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நமக்குப் பயன்படும்.

பழகிப்போதல் ஒரு குறைபாடன்று. சுவரிலுள்ள ஒவ்வொரு படத்தையும் ஒவ்வொரு முறையும் முதன்முறை பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தால், சமையலறையில் பொங்கி வழியும் பாலை யார் கவனிப்பது? மாறாததை ஒதுக்கிவிட்டு மாறுவதைக் கவனிக்கும் சிக்கனம் உயிர் வாழ்வதற்குத் தேவை.

கண்ணே இந்தச் சிக்கனத்தைத் தொடங்கிவிடுகிறது. வெள்ளைத் தாளின் நடுவில் மையால் ஒரு புள்ளி வையுங்கள். அதிலிருந்து ஏழெட்டு சென்டிமீட்டர் தள்ளிப் பென்சிலால் மிக இலேசாகத் தீட்டி, விரலால் தேய்த்து மங்கலாக்குங்கள். தாளை ஓரடித் தொலைவில் பிடித்து, புள்ளியையே அசையாமல் அரை நிமிடம் நோக்குங்கள். ஓரத்திலுள்ள மங்கல் கறை மெல்லக் கரைந்து காணாமல் போகும். கண்ணைச் சற்று அசைத்தால் திரும்ப வரும். சுவிட்சர்லாந்து மருத்துவர் டிராக்ஸ்லர் 1804இல் இதை விவரித்தார். விழித்திரையில் மாறாமல் ஓரிடத்திலேயே விழும் உருவம் பார்வையிலிருந்து மங்கிவிடுகிறது. கண் அசைந்துகொண்டே இருப்பதால்தான் நமக்கு உலகம் தெரிகிறது.

கட்டைவிரல் அளவு பார்வை

ஒரு படத்தை முழுவதுமாக ஒரே பார்வையில் கண்டுவிட்டதாக நாம் நினைக்கிறோம். உண்மை வேறு. விழித்திரையில் மஞ்சள் புள்ளி என்ற இடத்தின் நடுவே சிறிய குழி ஒன்று உண்டு. அங்கே கூம்பணுக்கள் நெருக்கமாக அடைந்திருக்கின்றன. அந்த இடத்தில் விழுவது மட்டுமே கூர்மையாகத் தெரியும். கையை முழுதும் நீட்டிக் கட்டைவிரலை உயர்த்துங்கள். நகத்தின் அகலம் எவ்வளவோ ஏறத்தாழ அவ்வளவுதான் ஒரு கணத்தில் நாம் கூர்மையாகக் காணும் பரப்பு. மற்றவையெல்லாம் மங்கல்தான். ஆகவே கண் ஓரிடத்தில் நிற்பதும், சட்டென்று அடுத்த இடத்துக்குத் தாவுவதுமாக, வினாடிக்குச் சுமார் மூன்று முறை இடம் மாறுகிறது. இந்தத் துண்டுப் பார்வைகளைத் தைத்து முழுப் படமாக்குவது மூளையின் வேலை.

கண் எங்கெங்கே தாவுகிறது என்பதைச் சோவியத் ஆராய்ச்சியாளர் ஆல்பிரட் யார்பஸ் அளந்து காட்டினார். அவருடைய நூல் 1965இல் ரஷ்ய மொழியில் வெளிவந்தது. அவர் பயன்படுத்திய படங்களுள் ஒன்று, இலியா ரேப்பின் வரைந்த 'எதிர்பாராத வருகை'. நாடு கடத்தப்பட்டிருந்த ஒருவர் முன்னறிவிப்பின்றி வீட்டுக்குள் நுழைகிறார். ஒரு மூதாட்டி நாற்காலியிலிருந்து எழுகிறார். மேசையருகே இருக்கும் பிள்ளைகள் திரும்பிப் பார்க்கிறார்கள்.

யார்பஸ் ஒரே மனிதருக்கு இந்தப் படத்தைப் பலமுறை காட்டி, ஒவ்வொரு முறையும் ஒரு கேள்வி கேட்டார். 'இவர்களுடைய வயது என்ன?' என்று கேட்டபோது கண் முகத்துக்கு முகம் தாவியது. 'இந்தக் குடும்பம் வசதி உள்ளதா?' என்று கேட்டபோது ஆடைகளிலும் மேசை நாற்காலிகளிலும் தங்கியது. 'வந்தவர் எவ்வளவு காலம் வெளியே இருந்திருப்பார்?' என்ற கேள்விக்கு, வந்தவர் முகத்துக்கும் வீட்டார் முகங்களுக்கும் இடையே மாறிமாறி ஓடியது. படம் ஒன்றுதான், கேள்வி மாறியபோது கண் சென்ற வழியும் மாறியது.

சுவரில் உள்ள படம் ஏன் மறைகிறது என்பதற்கு இங்கே ஒரு விடை கிடைக்கிறது. அதனிடம் கேட்க நம்மிடம் கேள்வி இல்லை. 'அங்கே ஒரு படம் இருக்கிறது' என்பது மூளைக்குத் தெரிந்துவிட்டது. அதற்குமேல் கண்ணை அங்கே அனுப்பக் காரணம் இல்லை.

பழகினால் பிடிக்குமா, புளிக்குமா?

'பழகப் பழகப் பாலும் புளிக்கும்' என்பது நம் பழமொழி. ஆனால் உளவியலார் கண்டது முதலில் இதற்கு நேர்மாறாக இருந்தது. 1968இல் ராபர்ட் ஸயான்ஸ் என்ற அறிஞர், பொருளற்ற சொற்களையும் சீன எழுத்துப் போன்ற வடிவங்களையும் முன்பின் தெரியாதவர் முகங்களையும் சிலருக்குக் காட்டினார். சிலவற்றை ஒரு முறையும் சிலவற்றை 25 முறை வரையும் காட்டினார். அடிக்கடி கண்டவற்றையே மக்கள் மிகுதியாக விரும்பினார்கள்.

கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் கட்டிங், 2003இல் இதை ஓவியங்களுக்குப் பொருத்திப் பார்த்தார். பிரெஞ்சு ஓவியங்களில் புகழ்பெற்றவையும் அவ்வளவாக அறியப்படாதவையும் உண்டு. பொதுவாக மாணவர்கள் புகழ்பெற்றவற்றையே விரும்பினார்கள். ஒரு பருவம் முழுவதும் வகுப்புகளுக்கிடையே, அறியப்படாத படங்களை விளக்கம் எதுவுமின்றி ஓரிரு வினாடிகள் கூடுதல் முறை காட்டிவந்தார். பருவ முடிவில் புகழ்பெற்ற படங்களுக்கு இருந்த முன்னுரிமை மறைந்துவிட்டது. நாம் சிறந்தது என்று சொல்லும் சில படங்கள், அடிக்கடி அச்சிடப்பட்டதாலேயே நமக்குப் பிடித்துப் போயிருக்கலாம் என்று இது எச்சரிக்கிறது.

எனினும் கதை இங்கே முடியவில்லை. இங்கிலாந்தில் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் மெஸ்கின் முதலானோர் செய்து 2013இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களுக்கு இரு ஓவியர்களின் படங்கள் காட்டப்பட்டன. ஒருவர் 19ஆம் நூற்றாண்டு ஆங்கில ஓவியர் ஜான் எவரெட் மில்லே. மற்றவர், சன்னலெல்லாம் ஒளிரும் அழகிய குடிசைகளை வரைந்து, அச்சுப் பிரதிகளால் பெரும் விற்பனை கண்ட அமெரிக்கர் தாமஸ் கின்கேட். கின்கேடின் படங்களை எத்தனை முறை கூடுதலாகக் கண்டார்களோ, அந்த அளவுக்கு விருப்பம் குறைந்தது. மில்லேயின் படங்களுக்கு அப்படிக் குறையவில்லை. இது ஒரு சிறிய ஆய்வுதான். இதைக்கொண்டு ஓவியர்களுக்கு மதிப்பெண் போட்டுவிட முடியாது. ஆனால் பழக்கம் எல்லாப் படங்களையும் ஒரே மாதிரி நடத்துவதில்லை என்று தெரிகிறது. சில படங்கள் பழக்கத்தைத் தாங்குகின்றன, சில தாங்குவதில்லை.

தாங்கும் படம் எது?

கனடாவில் பணிபுரிந்த உளவியலறிஞர் டேனியல் பெர்லைன், 1971இல் வெளியிட்ட நூலில் ஒரு கருத்தை விளக்கினார். மிக எளிய வடிவம் உடனே சலித்துவிடும். மிகச் சிக்கலானது குழப்பி விரட்டிவிடும். இரண்டுக்கும் இடைப்பட்டதே இன்பம் தருகிறது. எல்லாருக்கும் எல்லாக் காலத்துக்கும் இது பொருந்தும் என்று பின்வந்த ஆய்வுகள் ஒப்புக்கொள்ளவில்லை. ஆயினும் வீட்டுச் சுவரைப் பொறுத்தவரை ஒன்றைக் கவனிக்கலாம். பழகப் பழகச் சிக்கலானது எளிதாகிறது. இன்று சரியான அளவாகத் தோன்றும் படம் ஓராண்டுக்குப்பின் எளிதாகிவிடும். ஆகவே முதல் நாளில் 'இன்னும் முழுதும் பிடிபடவில்லையே' என்று தோன்றும் படம், நெடுநாள் நம்மோடு வரக்கூடும்.

ஒரு பார்வையில் தீர்ந்துவிடாத தன்மை எப்படி அமைகிறது? இதற்குப் புகழ்பெற்ற சான்று, லியோனார்டோ டாவின்சியின் மோனாலிசா. 77 சென்டிமீட்டர் உயரமும் 53 சென்டிமீட்டர் அகலமும் உள்ள சிறிய படம். அந்தப் பெண்ணின் புன்னகை தோன்றித் தோன்றி மறைவதுபோல் இருப்பதை எல்லாரும் சொல்வார்கள். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் மார்கரெட் லிவிங்ஸ்டன் 2000ஆம் ஆண்டில் இதற்கு ஒரு விளக்கம் தந்தார். புன்னகை, கூர்மையான கோடுகளால் அன்றி, கன்னத்தையொட்டிய மங்கலான நிழல்களால் அமைந்திருக்கிறது. மங்கலான பெரிய வடிவங்களை ஓரப்பார்வை நன்கு காண்கிறது. கண்களையோ பின்னணியையோ நோக்கும்போது ஓரத்தில் புன்னகை தெரிகிறது. வாயை நேராக நோக்கினால் கூர்மையான பார்வை நுண்ணிய விவரங்களைத் தேட, புன்னகை பின்வாங்குகிறது. கண் தாவத் தாவ முகபாவம் மாறுவதால், பழகிப்போவதற்கு அங்கே மாறாத ஒன்று கிடைப்பதில்லை.

நம் தஞ்சாவூர் ஓவியத்தில் இதே பயன் வேறு வழியில் கிடைக்கிறது. சுண்ணப் பசையால் மேடாக்கிய இடங்களில் தங்க இழைத் தகட்டை ஒட்டுகிறார்கள், கற்களைப் பதிக்கிறார்கள். தகடு சமதளமாக இல்லாததால், பார்ப்பவர் ஓரடி நகர்ந்தாலும், அருகே எரியும் விளக்கின் சுடர் அசைந்தாலும், மின்னும் இடம் மாறுகிறது. அதையே புத்தகத்தில் அச்சிட்டால் மஞ்சள் நிறம் மட்டுமே மிஞ்சும்.

கதை சொல்லும் படம் இன்னொரு வகையில் நிலைக்கிறது. 'அடுத்து என்ன?' என்ற வினாவை அது நம்மிடம் விட்டுச்செல்கிறது. ரேப்பினின் படத்தில், வந்தவரை அந்த வீடு ஏற்றுக்கொள்ளுமா என்பதை ஓவியர் சொல்லவில்லை. பதில் சொல்லிவிட்டிருந்தால் அது செய்திப் படமாகியிருக்கும்.

வீட்டின் தனி வசதி

பெரிய அருங்காட்சியகங்களில்தான் கலையை நன்றாகக் காணமுடியும் என்று பலர் எண்ணுகிறார்கள். நியூயார்க் நகரின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் புகழ்பெற்ற ஆறு ஓவியங்களின் முன் மக்கள் எவ்வளவு நேரம் நிற்கிறார்கள் என்று ஓர் ஆய்வு அளந்தது. முடிவு 2001இல் வெளியாயிற்று. சராசரி 27 வினாடிகள். பாதிப் பார்வைகள் 17 வினாடிக்குள் முடிந்துவிட்டன.

வீட்டில் இருக்கும் படத்துக்கோ ஆண்டுக்கணக்கில் நேரம் உண்டு. அதோடு மாறும் ஒளியும் உண்டு. அருங்காட்சியகத்தில் விளக்கொளி பெரும்பாலும் ஒரே அளவாக இருக்கும். வீட்டிலோ காலை வெயில் வேறு, மழைநாள் வெளிச்சம் வேறு, மாலை மங்கல் வேறு. முற்றத்துச் செம்பருத்தியைப் பகலில் பாருங்கள். பூ பளிச்சென்றும் இலை கருமையாகவும் தெரியும். பொழுது சாயும் நேரத்தில் பாருங்கள். பூ கறுத்து, இலை வெளுப்பாகத் தெரியும். மங்கல் ஒளியில் கூம்பணுக்கள் ஓய, கோலணுக்கள் வேலையை ஏற்கின்றன. அவை சிவப்புக்கு ஏறக்குறையக் குருடு. பச்சை நீலப் பகுதிக்கு மிகக் கூர்மை. செக் நாட்டு அறிஞர் புர்கின்யே 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதைக் கண்டார். சிவப்புச் சேலை உடுத்திய உருவமும் நீல வானமும் உள்ள படமானால், மதியத்தில் உருவம் முன்னே நிற்கும். அந்தியில் வானம் முன்னே வரும்.

ஆனால் இந்த வசதியை நாமே கெடுத்துக்கொள்கிறோம். பல வீடுகளில் படங்கள் நிலைப்படிக்கு மேலே, கூரையை ஒட்டித் தொங்குகின்றன. அங்கே கண் இயல்பாகப் போவதில்லை. அருங்காட்சியகங்களில் படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து ஏறத்தாழ 150 சென்டிமீட்டர் உயரத்தில், நிற்பவரின் கண்மட்டத்தில் இருக்குமாறு வைப்பது வழக்கம். உட்கார்ந்து பார்க்கும் இடமானால் இன்னும் தாழ்த்தலாம்.

நேர் வெயில் விழும் சுவரும் வேண்டாம். தேநீர்க் கடைகளில் பழைய வண்ணப் படங்கள் நீலம் பாரித்திருப்பதைக் கண்டிருப்பீர்கள். அச்சு மைகளில் மஞ்சளும் செந்நிறமும் வெயிலில் விரைவாக வெளுத்து, நீலமும் கறுப்பும் எஞ்சி நிற்பதே இதற்குக் காரணம். தாளில் வரைந்த ஓவியங்களுக்கு அருங்காட்சியகங்கள் 50 லக்ஸ் அளவு வெளிச்சமே போதும் என்கின்றன. உச்சிவெயிலோ ஒரு லட்சம் லக்ஸ் வரை போகும். ஈரம் கசியும் சுவரும் படத்துக்குப் பகை. பூஞ்சணம் பிடித்த தாளைத் திருத்துவது கடினம்.

மாற்றி வைக்கும் மரபுகள்

கடல்முயலின் வாலுக்குக் கொடுத்த அதிர்ச்சி நினைவிருக்கிறதா? ஒரு மாற்றம் நேர்ந்தவுடன் பழைய கவனம் திரும்பி வந்தது. இதை அறிவியல் கண்டறியும் முன்பே மனிதர்கள் நடைமுறையில் கண்டிருக்கிறார்கள்.

ஜப்பானிய மரபு வீட்டில் 'தொக்கொனொமா' என்ற மாடம் உண்டு. அங்கே சுருள் ஓவியம் ஒன்றைத் தொங்கவிட்டு, பருவத்துக்கும் விருந்துக்கும் ஏற்ப மாற்றுவார்கள். மற்ற சுருள்கள் பெட்டியில் உறங்கும். நம் வீடுகளில் நவராத்திரிக் கொலு இதே முறையில் நடக்கிறது. ஆண்டு முழுதும் பரணில் இருந்த பொம்மைகள் வெளியே வரும்போது, பாட்டி காலத்துச் செட்டியார் பொம்மைக்கும் புது மெருகு வந்துவிடுகிறது. வாசற்கோலம் இன்னும் ஒரு படி மேலே சென்றுவிட்டது. மாலைக்குள் காலடிபட்டு அழிகிறது. மறுநாள் புதிதாகப் பிறக்கிறது. அழியும் கலை பழகிப்போவதற்கு நேரமே தருவதில்லை.

வீட்டில் ஐந்து படங்கள் இருந்தால், இரண்டை மாட்டி மூன்றை உலர்ந்த இடத்தில் துணி சுற்றி வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள். செலவு ஒன்றுமில்லை. விலை உயர்ந்த படம் வேண்டும் என்பதும் இல்லை. இரவிவர்மா 1894இல் பம்பாயில் கல்லச்சுக்கூடம் தொடங்கி வண்ணப் படங்களை அச்சிட்ட பிறகு, அரண்மனைச் சுவரில் இருந்த உருவங்கள் எளியோர் வீட்டுக்கும் வந்தன. சிவகாசி நாட்காட்டிகள் அதை ஊரூராகப் பரப்பின. படம் வீட்டுக்கு வந்து நூறாண்டுக்கு மேலாகிவிட்டது. அதைப் பார்ப்பதுதான் பாக்கி.

மாற்றி வைக்க முடியாத படங்களும் உண்டு. மறைந்த தாய் தந்தையரின் படத்தைப் பெட்டியில் வைக்க யாருக்கும் மனம் வராது. பொட்டும் மாலையும் இட்டு மாட்டிய அந்தப் படம்தான் வீட்டில் மிக விரைவாகக் கண்ணுக்கு மறைகிறது என்பது வருந்தத்தக்கது. நினைவு இருக்கட்டும் என்று மாட்டினோம். மாட்டியதாலேயே பார்க்காமல் போனோம். இதற்கு யார்பஸ் காட்டிய வழிதான் உண்டு. படத்தை மாற்ற முடியாதபோது கேள்வியை மாற்றலாம். இந்தப் படம் எடுத்தபோது அப்பாவுக்கு என்ன வயது? சட்டை அவருடையதா, படம் பிடிக்கும் நிலையத்தில் இரவல் வாங்கியதா? வலக்கை ஏன் மடங்கியிருக்கிறது? நெற்றியில் உள்ள அந்தத் தழும்பு எப்படி வந்தது? இவற்றுக்கு விடை தெரிந்த பெரியவர் ஒருவர் இன்னும் வீட்டில் இருக்கலாம். அவர் இருக்கும்போதே கேட்டு, படத்தின் பின்புறத்தில் ஒட்டிய தாளில் எழுதி வையுங்கள். உங்கள் பிள்ளைகள் அந்தப் படத்தைப் பார்க்க அது ஒரு காரணமாக இருக்கும்.